ஏழு ஆலைக்கும் ஒரு கையெழுத்து

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, விழுப்புரத்திலிருந்து இந்த வெயிலிலும் வந்து சேர்ந்திருக்கிற அரிசி மண்டி வியாபாரிகளே, ஓடைக்கரையில் என்னோடு ஆலை நடத்துகிற சக முதலாளிமார்களே, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் களத்து வேலைத் தாய்மார்களே, முன்வரிசையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஞானமேரி அம்மா அவர்களே, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மகள் மெர்லினே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் பெரியதம்பி. ஒலக்கூர் பக்கத்தில் ஓடைக்கரையோரம் இருக்கிற ஏழு அரிசி ஆலைகளுக்கும் ஒரு சங்கம் உண்டு. அதற்கு நான் செயலாளர். இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்தது நான். திண்டிவனத்தில் இந்த மண்டபத்தைப் பிடித்ததும் நான்தான். ஆனால் பேசுவதற்கு மட்டும் வேறு யாரையாவது போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். விட்டார்களா? முப்பது வருடமாக அடைக்கலராஜுக்குப் பக்கத்து ஆலை, நீ பேசாமல் வேறு யார் பேசுவது என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சரி, பேசுகிறேன். இவனை ஏன் பேசவிட்டோம் என்று பிறகு யாரும் என்னிடம் வருத்தப்படக்கூடாது.

முப்பது நாள் ஆகிவிட்டது, அவையோரே! நம் அடைக்கலராஜ் அவர்கள் போய் முப்பது நாள்! போன மாதம், காலை பத்தரை மணி. நெல் ஊறுகிற தொட்டியின் மேட்டில் நின்று வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். களத்தில் இருந்த செண்பகம் ஓடிவந்து தாங்கிப் பிடித்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனது, எல்லாம் நடந்தது. ஆனால் அவர் தொட்டி மேட்டிலேயே போய்விட்டார் என்றுதான் டாக்டர் சொன்னார். ஐம்பத்தேழு வயது. அது சாகிற வயதா? அறுபத்தொரு வயதில் சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நான் இங்கே நிற்கிறேன். ஒரு நாள் தலைவலி என்று படுக்காத மனிதர் அங்கே படத்தில் இருக்கிறார். இது என்ன நியாயம் என்று ஃபாதரைத்தான் கேட்க வேண்டும். கேட்டேன். ஜெபம் பண்ணுங்கள் என்றார்.

எனக்குப் பின்னால் இருக்கும் பேனரைப் பாருங்கள். "பசுமைச் செம்மல் அடைக்கலராஜ்" என்று போட்டிருக்கிறோம். போட்டது சங்கம்தான், எனக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அவர் இதைப் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இரண்டு வருடத்துக்கு முன்பு விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் கூப்பிட்டு அவருக்குச் சால்வை போட்டார்கள். சுற்றுச்சூழலைக் காத்த மாமனிதர் என்று பேராசிரியர் ஒருவர் அரை மணி நேரம் பேசினார். இவர் எழுந்தார். மைக்கைப் பிடித்தார். நானும் அங்கே இருந்தேன். அவர் பேசியது இவ்வளவுதான்: "தம்பிங்களா, நான் மரத்தக் காப்பாத்தணும்னு ஒண்ணும் பண்ணல. உமி வீணாப் போவுதேன்னு பண்ணேன். லாபம் வந்துது. தண்ணியும் நல்லா ஆச்சு. ரெண்டும் ஒரே கொழாயிலதான் வந்துது."

உட்கார்ந்துவிட்டார். பேராசிரியருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் பிள்ளைகள் கைதட்டி மண்டபத்தையே அதிரவைத்துவிட்டார்கள்.

ஆலைத் தொழில் தெரியாதவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். அவர் செய்தது என்ன என்று நாலு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். புழுங்கல் அரிசி எப்படி வருகிறது? நெல்லைத் தொட்டியில் ஊறப்போட வேண்டும், ஆவியில் அவிக்க வேண்டும், களத்தில் காயவைக்க வேண்டும், பிறகு அரைக்க வேண்டும். எங்கள் அப்பன் காலத்திலிருந்து பச்சைத் தண்ணீரில் இரண்டு நாள், மூன்று நாள் ஊறப்போடுவோம். அந்தத் தண்ணீர் புளித்துப்போகும். பழுப்பாகும். நாறும். நாறினால் என்ன? மதகைத் திறந்து ஓடையில் விட்டுவிடுவோம். ஓடை ஏரிக்குப் போகும். ஏழு ஆலையும் இதைத்தான் செய்தோம். ஏரியில் மீன் செத்து மிதந்தால் வெயில் ஜாஸ்தி என்போம். களத்தில் நிற்கிற பெண்களின் கால்விரல் இடுக்கில் புண் வந்தால் மஞ்சள் வைத்துக்கட்டு என்போம். யாராவது முகம் சுளித்தால், அது நாற்றம் இல்லை அய்யா, அது தொழில் வாசனை என்று சொல்லிவிடுவோம். சொன்னோமா இல்லையா? சொன்னவர்கள் எல்லாம் இந்த மண்டபத்திலேயே இருக்கிறோம்.

அடைக்கலராஜ் அவர்கள் ஒரு நாள் தன் ஆலையில் உமி எரிகிற பாய்லரின் புகைபோக்கியில் கையை வைத்துப் பார்த்தார். கை சுட்டது. அவ்வளவுதான் ஆரம்பம்! இவ்வளவு சூட்டை வானத்துக்கு அனுப்பிவிட்டு, கீழே பச்சைத் தண்ணீரில் மூன்று நாள் நெல்லை எதற்கு ஊறப்போட வேண்டும்? புகைபோக்கியைச் சுற்றிக் குழாய் ஓட்டினார். தண்ணீரை அதில் விட்டு, கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தச் சுடுதண்ணீரில் நெல் நாலே மணி நேரத்தில் ஊறியது. புளிப்பதற்கு நேரம் ஏது? ஊறிய தண்ணீரை ஓடைக்கு விடாமல், ஜல்லி போட்டுக் கோரை நட்ட மூன்று குழிகளில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இறக்கினார். மூன்றாவது குழியில் தெளிந்த தண்ணீரைச் சவுக்குத் தோப்புக்குப் பாய்ச்சினார். மூன்று நாள் வேலை அரை நாளில் முடிந்தது. அதே தொட்டியில் ஆறு மடங்கு நெல். மிச்சமான உமி செங்கல் சூளைக்குப் போனது. முதல் முறை இரண்டு குழாய் வெடித்தது. இரண்டாம் முறை ஒரு தொட்டி நெல் வெந்து களியாகிவிட்டது. நான் என் ஆலை வாசலில் நின்று சிரித்தேன். மூன்றாம் முறை சரியாக வந்தது. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவையோரே, இதுவரை அவர், இவர் என்று பேசிவிட்டேன். முப்பது வருடம் "டேய்" என்று கூப்பிட்ட வாய் இது. இனிமேல் சொல்லப்போவதை மரியாதை போட்டுச் சொல்ல எனக்கு வராது. அவன் என்றுதான் வரும். ஞானமேரி மன்னிக்க வேண்டும்.

எட்டு வருடத்துக்கு முன்பு, அவனுடைய சுடுதண்ணீர் அரிசி முதல் லோடு விழுப்புரம் மண்டிக்குப் போனது. வியாபாரிகள் மூட்டையில் கையை விட்டார்கள். ஒரு பிடி எடுத்தார்கள். கடித்துப் பார்த்தார்கள். பிறகு, எப்போதும் செய்வது போல், மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்தார்கள். வாசனை இல்லை! புழுங்கல் அரிசிக்கு உரிய அந்தப் புளிச்ச வாசனை இல்லவே இல்லை. முப்பது வருடம் அந்த நாற்றத்தை மோந்து மோந்து, அதுதான் நல்ல புழுங்கல் என்று பழகிவிட்டவர்கள் அவர்கள். நாற்றம் இல்லாவிட்டால் என்ன அர்த்தம்? பச்சரிசியைக் கலந்திருக்கிறான், சாயம் ஏற்றியிருக்கிறான் என்று அர்த்தம்! நல்ல அரிசியில் நாற்றம் இல்லை என்பதற்காகத் திருடன் என்று பேர் வாங்கியவன் இந்த ஜில்லாவிலேயே அவன் ஒருவன்தான்.

மண்டியில் மூத்தவர் சவுரிராயன் அண்ணன். இதோ, இரண்டாவது வரிசையில் இருக்கிறார். அவர் நியாயமான மனிதர். அவசரப்பட்டு யாரையும் கள்ளன் என்று சொல்லமாட்டார். எனக்குப் போன் செய்தார். "பெரியதம்பி, நீ பக்கத்து மில்லுக்காரன். அவன் எதனா கலக்கறானா? உனக்குத் தெரிஞ்சிருக்குமே" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். அவன் தொட்டியை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சுடுதண்ணீரில் என் கையையே வைத்துப் பார்த்திருக்கிறேன். கலப்படம் இல்லை, அது புது ஊறல் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு இன்னாண்ணா தெரியும், அவன் மில்லு அவனுக்கு" என்றேன். போனை வைத்தேன். அந்த வாரம் அவனுடைய பதினோரு லோடு அரிசி திரும்பி வந்தது. ஒரு போகம் முழுக்க அவன் ஆலை ஓடவில்லை. ஞானமேரி கழுத்தில் இருந்தது போனது. பள்ளிக்கூடத்தில் மெர்லினைக் கலப்பட அரிசிக்காரன் மகள் என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள். தெருமுனையில் நின்று "அய்யோ பாவம்" என்று சொன்னவனும் நான்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை கேட்டிருக்கிறீர்கள். அந்த ஓநாய் இப்போது உங்கள் முன்னால் மைக் பிடித்து நிற்கிறது.

ஏன் சொல்லவில்லை? அவன் மேல் எனக்குப் பகையா? இல்லை. அவன் வீட்டு விசேஷத்தில் என் கைதான் முதலில் பந்தி பரிமாறும். அவன் தொட்டி சரியென்றால் என் தொட்டி தப்பு. என் அப்பன் தொட்டி தப்பு. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவனைத் தூக்கி நிறுத்தியது யார்? நானா? சங்கமா? இல்லை. களத்தில் நெல் தள்ளுகிற செண்பகம்தான் நிறுத்தினாள். ஆலை நின்றுபோய், கூலி இல்லாமல் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவனிடம் போய் அவள் கேட்டாளாம்: "சோத்தத் தின்னு பாக்காம அரிசிய மோந்து பாக்கறவன் இன்னா மொதலாளி வியாபாரி? பழையதப் போட்டு நீட்டுங்க அவுங்களுக்கு."

நம் பக்கத்தில் அரிசிக்குப் பரீட்சை எது? ஆறிய சோறு. தண்ணீர் ஊற்றி வைத்த சோறு மறுநாள் காலையில் எப்படி இருக்கிறது என்பதுதான் பரீட்சை. செண்பகம் இரண்டு பானை வடித்தாள். ஒன்று அவன் அரிசி. இன்னொன்று கடையில் வாங்கிய அரிசி. கடையில் வாங்கியது எந்த ஆலை அரிசி தெரியுமா? என் ஆலை! தண்ணீர் ஊற்றி மூடி, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் விழுப்புரம் மண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெங்காயம், மோர் மிளகாய், கொஞ்சம் வறுத்த மல்லாட்டைக் கடலை. எது யார் அரிசி என்று சொல்லாமலே வியாபாரிகளுக்குப் போட்டுக் கொடுத்தாள். காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? சாப்பிட்டார்கள். இரண்டாம் முறை எல்லோரும் ஒரே பானைக்குத்தான் கையை நீட்டினார்கள். இன்னொரு பானை அப்படியே இருந்தது. சவுரிராயன் அண்ணன் கையைக் கழுவிக்கொண்டே, "நாளையிலருந்து லோடு ஏத்துப்பா" என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அவன் அரிசிக்கு மூட்டைக்கு மூட்டை கூடுதல் விலை. களத்துப் பெண்களுக்கு ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தான். கால் புண் ஆறியது. மெர்லின் என்ஜினீயரிங் படித்தாள். அவன் குழியில் தெளிந்த தண்ணீரில் வாத்து இறங்கியதை நானே பார்த்தேன். பார்த்துவிட்டு என் ஆலைக்குப் போய், என் மதகைத் திறந்து, என் பழுப்புத் தண்ணீரை ஓடையில் விட்டேன். ஆறு ஆலைத் தண்ணீர் கெட்டு ஓடும்போது ஒரு ஆலைத் தண்ணீர் தெளிந்து என்ன பிரயோஜனம்? ஏரி நாறிக்கொண்டுதான் இருந்தது.

போன வருடம் அதற்கான வினை வந்தது. அதிகாரிகள் வந்தார்கள். ஏரி முகப்பில் தண்ணீர் எடுத்தார்கள். ஒரு வருடக் கெடு. அதற்குள் ஏரி முகப்பில் தண்ணீர் சுத்தமாகாவிட்டால் ஓடைக்கரை ஆலை ஏழுக்கும் மின்சாரத்தைத் துண்டிப்போம் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். ஏழுக்கும்! அவன் ஆலைக்கும் சேர்த்து! விசாரணைக்கு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். நாங்கள் ஆறு பேரும் தலையைக் குனிந்து நின்றோம். அந்த அதிகாரியே சொன்னார்: அடைக்கலராஜ், உங்கள் ஆலைத் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, தனியாக மனு கொடுங்கள், உங்களை விட்டுவிடுகிறோம் என்று. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் மனுவுக்குப் பேனாவைக் கூட அந்த அதிகாரியிடமே கடன் வாங்கியிருப்பேன்.

அவன் சொன்னான்: "சார், ஓடை ஒண்ணு. ஏழு மில்லும் ஒண்ணா இருக்கட்டும். மத்த ஆறுக்கும் நானே தொட்டி கட்டித் தர்றேன். நான் கையெழுத்துப் போடறேன்."

போட்டான். ஏழு ஆலைக்கும் அவன் ஒருவன் கையெழுத்து. வெளியே வந்ததும் நான் கோபத்தில் கேட்டேன், உனக்கென்ன பைத்தியமா என்று. உன் ஆலையைக் காப்பாற்றிக்கொள்ளாமல் எங்களுக்காகக் கழுத்தை நீட்டுவானேன் என்று கேட்டேன். அவன் டீக்கடையில் எனக்கும் சேர்த்து டீ சொன்னான்.

பத்து மாதத்தில் நாலு ஆலைக்குத் தொட்டி கட்டினான். அவன் ஆலையைக் காலையில் பார்ப்பான். மத்தியானத்துக்கு மேல் மற்ற ஆலைகளுக்குப் போய், குழாய் வளைக்கிறவனோடு தானும் வளைத்துக்கொண்டு, வியர்த்து ஊற்ற நிற்பான். ஞானமேரி டிபன் கேரியர் அனுப்பினால் கொத்தனாருக்குப் போட்டுவிட்டு இவன் கடலை கொரித்துக்கொண்டிருப்பான். நெஞ்சு வலி அப்போதே இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. கெடுவுக்குள் முடிய வேண்டுமே என்ற பயம். அந்தப் பயம் எங்களுக்கு இருந்திருக்க வேண்டியது, அய்யா! அவன் எங்களுக்குப் பதிலாகப் பயந்தான்.

மீதி எத்தனை ஆலை? இரண்டு. ஒன்று தம்பி தேவாவுடையது. இன்னொன்று யாருடையது? என்னுடையது! சங்கச் செயலாளருடையது! அவன் எத்தனை முறை என் ஆலைக்கு வந்தான்? ஆடி போகட்டும் என்றேன். அறுவடை முடியட்டும் என்றேன். பொங்கல் வரட்டும் என்றேன். பணம் இல்லாமல் சொன்னேனா? பணம் இருந்தது. அவன் தொட்டியை என் ஆலையில் கட்டினால், எட்டு வருடத்துக்கு முன்பு அந்தப் போனில் நான் சொன்ன பதில் தினமும் என் கண் முன்னால் நிற்கும். அதற்குப் பயந்து ஓடினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, பதுங்கிக்கொண்டது. அவன் சாவதற்கு முதல் நாள்கூட வந்தான். நான் ஆலையில் இல்லை. இருந்தேன், ஆபீஸ் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். அவன் டேப்பை எடுத்து அளந்து, என் பழைய தொட்டிச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, "அண்ணா வந்தா சொல்லுங்க, ஜல்தியா ஆரம்பிக்கணும்" என்று என் ஆட்களிடம் சொல்லிவிட்டுப் போனான். ஜன்னல் வழியாக அவன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயிரோடு அவனைக் கடைசியாகப் பார்த்தது அதுதான். பாவி நான், கதவைத் திறக்கவில்லை.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

இன்று கெடுவுக்கு நாற்பத்தொரு நாள் இருக்கிறது. வக்கீல் ஒருவர் ஞானமேரியிடம் ஒரு பேப்பர் கொடுத்திருக்கிறார். கையெழுத்துப் போட்டவர் இறந்துவிட்டார், அந்தப் பொறுப்பு உங்களைச் சேராது, உங்கள் ஆலையைத் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மற்றவர்களோடு சேர்ந்து உங்களுக்கும் மின்சாரம் போகும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த ஆலையை நம்பி முப்பத்தாறு பேர் இருக்கிறார்கள். அதை மட்டும்தான் அவன் ஞானமேரிக்கும் மெர்லினுக்கும் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

இன்று காலையில் நான் ஞானமேரி வீட்டுக்குப் போனேன். கூட்டத்துக்கு அழைக்கத்தான் போனேன். ஆனால் உட்கார்ந்ததும் அந்தப் போன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். எட்டு வருடம் யாரிடமும் சொல்லாததை, அவன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அவன் மனைவியிடம் சொன்னேன். அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிடம்மா, எங்களுக்காக நீ காத்திருக்க வேண்டியதில்லை என்றும் சொன்னேன். அவர் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. "அவருக்குத் தெரியும்ங்கண்ணா" என்றார்.

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"நீங்க போன்ல சொன்னது. சவுரிராயன் அண்ணன் அன்னிக்கே அவரு கிட்ட சொல்லிட்டாரு."

எட்டு வருடம்! அவையோரே, எட்டு வருடம் அவனுக்குத் தெரியும்! தெரிந்துகொண்டேதான் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். தெரிந்துகொண்டேதான் என் ஆலைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டான். ஏம்மா, ஏன் ஒரு நாள்கூட என்னைக் கேட்கவில்லை என்று கேட்டேன். ஞானமேரி சொன்னது இது: "நானும் கேட்டங்க. 'அண்ணனக் கேட்டா அவரு பொய் சொல்லுவாரு. பொய் சொல்லிட்டா அப்புறம் என் மூஞ்சியப் பாக்க மாட்டாரு. பாக்காம ஓடை எப்படி சுத்தமாவும்'னு சொன்னாரு."

 என் பொய்யைக் கூட அவன் எனக்கு மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறான். இவனைப் போய்ச் செம்மல் என்று ஒரு பேனரில் முடித்துவிடலாமா?

அந்தப் பேப்பரைப் பற்றி ஞானமேரி கடைசியில் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். கிழித்துப்போடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். "நான் இன்னும் முடிவு பண்ணலங்கண்ணா. என் பொண்ண நெனைக்கணும், களத்து ஆளுங்கள நெனைக்கணும். நீங்க தொட்டியக் கட்டுங்க. நான் பாத்துக்கினு இருக்கேன்" என்றார். நியாயமான பேச்சு. இத்தனை வருடத்துக்குப் பிறகு என் வாய்ச்சொல்லை நம்பி யார் ஆலையை அடகு வைப்பார்கள்?

ஆகவே, சூளுரைக்கிறோம், சபதம் ஏற்கிறோம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஞானமேரி வீட்டிலிருந்து நேராக ஆலைக்குப் போய் பாய்லரை அணைக்கச் சொல்லிவிட்டேன். ஓடைக்குப் போகிற என் மதகை மண்ணும் சிமெண்டும் போட்டு அடைத்துவிட்டுத்தான் இந்த மண்டபத்துக்கு வந்தேன். சட்டையில் இருப்பது அந்தச் சிமெண்ட்தான். அவன் போட்ட கோட்டில் சுடுதண்ணீர்த் தொட்டி எழும்பும் வரை என் ஆலையில் ஒரு மணி நெல் ஊறாது. என் ஆட்களுக்குக் கூலி நிற்காது, தொட்டி வேலையிலேயே அவர்களுக்குக் கூலி. குழாய்க் கணக்கு எனக்கு வராது. மெர்லினிடம் அப்பா வரைந்த படம் இருக்கிறது, அவளைக் கேட்டிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். எந்தச் சூட்டில் நெல் ஊறும், எந்தச் சூட்டில் களியாகும் என்று காட்ட செண்பகம் வருகிறாள். இனிமேல் தொட்டி மேட்டில் அவள் சொல்வதுதான் சட்டம்.

தம்பி தேவா, நீயும் மேடையில்தான் இருக்கிறாய். உன் பேரில் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. தலையாட்டுகிறாய், பார்க்கிறேன். தலையாட்டினால் போதாதப்பா. நானும் பத்து மாதம் நன்றாகத் தலையாட்டினேன். எழுந்து நின்று ஞானமேரி அம்மாவைப் பார்த்துச் சொல்.

நிற்கிறான். நாளைக்கே ஆரம்பிக்கிறேன் என்கிறான். மைக் இல்லாமல் சொன்னதால் பின்னால் கேட்டிருக்காது, முன்வரிசைக்குக் கேட்டது. உட்காரப்பா.

ஞானமேரி அம்மா, அந்தப் பேப்பரைப் பத்திரமாகப் பெட்டியில் வையுங்கள். நாற்பதாம் நாள் ஓடைக்கு வாருங்கள். வக்கீலையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தண்ணீரைக் கையில் அள்ளிப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் அங்கேயே கையெழுத்துப் போடுங்கள். பேனா நான் கொண்டுவருகிறேன்.

இப்போது எல்லோரும் எழுந்து நிற்கப்போகிறோம். அதற்கு முன்னால் இங்கே இருக்கும் ஒவ்வொருவரிடமும் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடைக்கலராஜ் எட்டு வருடம் என்னைக் கேட்காமலே விட்டுவிட்டான். அது அவன் பெருந்தன்மை, எனக்கு அது வினையாக முடிந்தது. நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். பஸ்ஸ்டாண்டில் பார்த்தால் கேளுங்கள். மண்டியில் பார்த்தால் கேளுங்கள். ஃபாதர், கோயில் வாசலில் என்னைப் பார்த்தால் நீங்களும் கேளுங்கள். சவுரிராயன் அண்ணன் தினமும் காலையில் போன் போட்டுக் கேட்கட்டும். பெரியதம்பி, தொட்டி எதுவரைக்கும் வந்தது என்று கேளுங்கள். நான் உண்மையைத்தான் சொல்லுவேன்.

எழுந்து நில்லுங்கள், அய்யா. நம் அடைக்கலராஜுக்காக இரண்டு நிமிடம் நிற்போம்.